ஆபத்து நேரத்தில் ஸ்பானிய மொழி: சென்னையிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு கையேடு

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளுக்குச் சென்னையிலிருந்து செல்வோர் இன்று பலவகையினர். மென்பொருள் பணிக்காக மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு அனுப்பப்படும் பொறியாளர்கள், பார்சிலோனாவில் மேற்படிப்புக்குச் சேரும் மாணவர்கள், மாட்ரிட்டில் குடியேறிய மகளின் பிரசவத்துக்காகப் போகும் பெற்றோர், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தபடி அல்ஹெஸிராஸ், கய்யாவோ, வல்பரைஸோ ஆகிய துறைமுகங்களில் இறங்கும் மாலுமிகள் என அந்த வரிசை நீள்கிறது. இவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையுடன்தான் விமானம் ஏறுகிறார்கள். விமான நிலையத்திலும் விடுதியிலும் அலுவலகத்திலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் மாடிப்படியில் தவறி விழுந்த தந்தைக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்போது, கதவைத் திறக்கும் மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

அந்தக் கதவின் முன் நிற்பவருக்காகவே இது எழுதப்படுகிறது. மொழியைக் கற்றுத்தருவது இதன் நோக்கம் அன்று. பதற்றத்திலும் வாயிலிருந்து தானாக வரும் அளவுக்குச் சில வாக்கியங்களைப் பழக்கிக்கொள்வதும், எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்கும் சில கேள்விகளை அடையாளம் காணப் பழகுவதும் போதும். இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலான வாக்கியப் பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. பேசத் தெரிந்து கேட்கத் தெரியாதவர், தொலைபேசியில் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்.

தமிழ் வாய்க்கு நெருங்கிய ஒலிகள்

ஸ்பானியச் சொற்களை ஆங்கிலத்தின் வழியாக உச்சரிக்க முயல வேண்டாம்; தமிழின் வழியாக அணுகினால் பாதி உழைப்பு மிச்சமாகும். அம்மொழியின் உயிரொலிகள் ஐந்தே. அவை நம் அ, எ, இ, ஒ, உ என்பவற்றுக்கு மிக நெருங்கியவை. எந்தச் சொல்லில் வந்தாலும் மாறாமல் ஒலிப்பவை. “அது” என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் தகரத்தின்போது நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட்டும் தொடாமலும் விலகுகிறது அல்லவா? உதவி என்று பொருள்படும் “அயூத” என்ற ஸ்பானியச் சொல்லின் தகரம் அதேதான். “அகம்” என்பதில் வரும் மெலிந்த ககரமும் அங்கே உண்டு, ஞகரமும் உண்டு. இல்லாதது டகரம்தான். “டாக்டர்” என்று பழகிய நாக்கு அங்கே “தொக்தோர்” என்று பல்லில் பட வேண்டும். இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே கேட்பவருக்குப் பேச்சு தெளிவாகிவிடும்.

இக்கட்டுரையில் ஸ்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொல்லில் நெடில் எங்கே வருகிறதோ அங்கே குரலை அழுத்த வேண்டும். மற்ற எழுத்துகளைக் குறிலாகவே விட்டுவிட வேண்டும். சொல்லின் நடுவில் க்க, த்த, ப்ப என்று இரட்டித்து எழுதியிருந்தால் வல்லோசை. ஒற்றையாக இருந்தால் மெல்லோசை. ந்த, ங்க, ம்ப ஆகியவை பந்து, தங்கம், பாம்பு ஆகிய சொற்களில் ஒலிப்பது போலவே ஒலிக்கும். சொல்லின் தொடக்கத்தில் வரும் தகரம் மட்டும் சிறிது கவனம் கேட்கும்: துவேலெ, தோந்தெ, தெ ஆகியவற்றை “தேசம்” என்பது போல அதிர்வுடனும், தேங்கொ, தோம போன்றவற்றை “தேன்” என்பது போல அதிர்வின்றியும் சொல்ல வேண்டும். பொம்பேரொஸ் என்பதன் முதல் பகரம் “பயம்” என்பதில் வருவது போன்றது. ர்ர என்று எழுதிய இடத்தில் நாக்கை நன்றாக உருட்ட வேண்டும். ஸகரமாக இங்கே எழுதப்பட்டுள்ள சில ஒலிகளை ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பற்களுக்கிடையே நீட்டிச் சொல்வார்கள். நீங்கள் ஸகரமாகவே சொன்னாலும் எங்கும் புரிந்துகொள்வார்கள்.

கூவி அழைப்பது

தெருவில் உயிருக்கு ஆபத்து என்றால் நீண்ட வாக்கியம் எதற்கும் உதவாது. “சொக்கோர்ரொ!” என்பது எல்லா ஸ்பானிய நாடுகளிலும் “காப்பாற்றுங்கள்” என்ற கூக்குரலாக விளங்கும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் “அவ்க்ஸீலியொ!” என்ற கூக்குரல் பரவலாக வழங்குகிறது. தீ என்றால் “ஃபுவேகொ!” என்று கத்த வேண்டும்.

கூட்டம் கூடிய பிறகு ஒருவரைப் பார்த்து, அவருடைய கண்ணைப் பார்த்தே, “அயூதெமெ, பொர் ஃபவோர்” என்று சொல்லுங்கள். “தயவுசெய்து எனக்கு உதவுங்கள்” என்பது பொருள். இந்த வடிவம் நம் “நீங்கள்” போல மரியாதை கலந்தது. தமிழில் நீ, நீங்கள் என்று இருப்பதைப் போலவே அங்கும் இரு வகை உண்டு. இங்கே தரப்படும் வாக்கியங்கள் யாவும் மரியாதை வடிவில் இருப்பதால் காவலரிடமும் மருத்துவரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

“யாமெ அ ஊன அம்புலான்ஸிய” என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். “யாமெ அ ல பொலிஸீய” என்றால் போலீஸைக் கூப்பிடுங்கள். “யாமெ அ லொஸ் பொம்பேரொஸ்” என்றால் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். மூன்றுக்கும் முதல் சொல் ஒன்றே என்பதால் மனத்தில் ஏற்றுவது எளிது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸில் இதே சொல் “ஷாமெ” என்று காதில் விழும். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

எங்கே இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்

தொலைபேசி அழைப்பில் எது முதலில் வர வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. என்ன நடந்தது என்று விவரிக்கத் தொடங்குவதுதான் மனித இயல்பு. ஆனால் அழைப்பு பாதியில் துண்டிக்கப்பட்டாலும், உங்கள் மொழி புரியாமல் போனாலும், இருக்கும் இடம் தெரிந்திருந்தால் வண்டி புறப்பட்டுவிடும். இடம் தெரியாமல் நோயின் பெயர் மட்டும் தெரிந்து பயனில்லை. ஆகவே, “எஸ் ஊன எமெர்ஹேன்ஸிய” (இது அவசரம்) என்று தொடங்கி, உடனே “எஸ்தோய் என்...” (நான் இங்கே இருக்கிறேன்) என்று தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் சொல்ல வேண்டும்.

தெருவின் பெயர் தெரியவில்லை என்றால் சென்னைக்காரருக்குக் கைவந்த முறையையே கையாளலாம். 108-ஐ அழைத்துவிட்டு “பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, ஆவின் பூத் பக்கம்” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். “எஸ்தோய் ஸேர்க்க தெ...” என்றால் இன்னதற்கு அருகில் இருக்கிறேன், “என்ஃப்ரேன்த்தெ தெ...” என்றால் இன்னதற்கு எதிரில். அதன் பின் மெட்ரோ நிலையத்தின் பெயரையோ, கண்ணில் படும் கடையின் பெயர்ப்பலகையையோ படித்துச் சொன்னால் போதும். தேவாலயம் “இக்லேஸிய”, பூங்கா “பார்க்கெ”, சதுக்கம் “ப்லாஸ”. கோஸ்டா ரிகாவில் முகவரியையே இப்படித்தான் சொல்கிறார்கள்: தேவாலயத்திலிருந்து வடக்கே 200 மீட்டர் என்பது அங்கே முழுமையான முகவரி.

கதவு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சொல்ல இலக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை: ஸேரொ, ஊனொ, தோஸ், த்ரேஸ், குவாத்ரொ, ஸீன்க்கொ, ஸேய்ஸ், ஸியேத்தெ, ஓச்சொ, நுவேவெ. பெரிய எண்களைக் கற்க நேரமில்லாவிட்டால் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்; 247 என்பதை “தோஸ், குவாத்ரொ, ஸியேத்தெ” என்று சொன்னாலே புரியும். ஸேய்ஸ் என்னும் ஆறும் ஸியேத்தெ என்னும் ஏழும் பதற்றத்தில் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை. அவற்றைச் சொல்லும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்குப் பின் நிகழ்ச்சி. “விபத்து நடந்துவிட்டது” என்பதை ஸ்பெயினில் “அ அவீதொ உன் அக்ஸிதேன்த்தெ” என்பார்கள்; லத்தீன் அமெரிக்காவில் “ஊவொ உன் அக்ஸிதேன்த்தெ” என்பது வழக்கம். எதை எங்கே சொன்னாலும் விளங்கும் என்பதால் ஒன்றை மட்டும் பழகிக்கொண்டால் போதும். “நோ ரெஸ்பீர” என்றால் மூச்சு இல்லை. “எஸ்தா இன்க்கொன்ஸியேன்த்தெ” என்றால் நினைவிழந்து கிடக்கிறார். “எஸ்தா ஸங்க்ராந்தொ” என்றால் இரத்தம் கொட்டுகிறது. இடத்தைச் சொன்ன பின், இம்மூன்றும் மற்றெல்லாவற்றையும் விட முந்தி நிற்க வேண்டியவை.

அவர்கள் கேட்கப்போகும் கேள்விகள்

அழைப்பை ஏற்பவர் அநேகமாகப் பின்வருவனவற்றைக் கேட்பார். “கே அ பஸாதொ?” என்பது என்ன நடந்தது என்ற கேள்வி. “தோந்தெ எஸ்தா?” என்றால் எங்கே இருக்கிறீர்கள். கேள்வியில் “தோந்தெ” என்பது காதில் விழுந்தவுடன், மற்றச் சொற்கள் புரியாவிட்டாலும், இடத்தைத் திரும்பச் சொல்லுங்கள். “ரெஸ்பீர?” என்று கேள்வித் தொனியில் கேட்டால் மூச்சு இருக்கிறதா என்று அறிய விரும்புகிறார், “ஸீ” என்றால் ஆம், “நோ” என்றால் இல்லை. “கோமொ ஸெ யாம?” என்பது பெயரைக் கேட்பது. நம் பெயர்கள் அவர்களுக்கு நீளமானவை என்பதால் முழுப் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து ஒப்பிக்காமல், அழைக்கும் பெயரை மட்டும் இருமுறை தெளிவாகச் சொல்லலாம்.

“நோ குவேல்கெ” என்ற இரு சொற்களை மறவாமல் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று அதற்குப் பொருள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று எண்ணி நாம் கைப்பேசியை வைத்துவிடும் தருணத்தில்தான் இதைச் சொல்வார்கள். ஆங்கிலம் பேசும் ஒருவருக்கு இணைப்பை மாற்றுவதற்காகவும் இதைச் சொல்லக்கூடும். “நோ ஸெ முவேவ” என்றால் அசையாதீர்கள். விபத்தில் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரிடம் மீட்புப் பணியாளர் இதைச் சொன்னால், எழுந்து நின்று “எனக்கு ஒன்றுமில்லை” என்று காட்ட முயலக் கூடாது. “த்ரன்க்கீலொ” என்பது பதறாதே என்ற ஆறுதல். பெண்ணிடம் “த்ரன்க்கீல” என்பார்கள்.

நம் பக்கத்திலிருந்து உரையாடலைக் கட்டுக்குள் வைக்க நான்கு வாக்கியங்கள் வேண்டும். “நோ ஆவ்லொ எஸ்பஞோல்” என்றால் எனக்கு ஸ்பானிய மொழி பேசத் தெரியாது. “ஆவ்ல இங்லேஸ்?” என்றால் உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா. “மாஸ் தெஸ்பாஸியொ, பொர் ஃபவோர்” என்றால் தயவுசெய்து இன்னும் மெதுவாக. நேரில் நிற்பவரிடம் “புவேதெ எஸ்க்ரிவீர்லொ?” என்று கேட்டு எழுதித் தரச் சொல்லலாம், எழுதியதைக் கைப்பேசியில் படம் பிடித்தால் மொழிபெயர்ப்புச் செயலி படித்துக்காட்டிவிடும். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்காகக் காத்திருக்காமல், பதில் “நோ” என்று வந்தால் அடுத்த நொடியே இடத்தைச் சொல்லத் தொடங்கிவிட வேண்டும்.

எந்த எண்ணை அழைப்பது

ஸ்பெயினில் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அதுவே எண். எந்தக் கைப்பேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்தியாவிலும் இப்போது 112 இருப்பதால் நினைவில் வைப்பது கடினமன்று. மெக்சிகோவிலும் ஈக்வடாரிலும் கோஸ்டா ரிகாவிலும் 911. கொலம்பியாவில் 123. பெருவில் காவல் துறைக்கு 105, தீயணைப்புக்கு 116. அர்ஜென்டினாவில் ஆம்புலன்ஸ் 107, தீயணைப்பு 100. சிலியில் ஆம்புலன்ஸ் 131, தீயணைப்பு 132, காவல் துறையாகிய கரபினேரோஸ் 133. அம்புலான்ஸிய, பொம்பேரொஸ், கரபினேரோஸ் என்ற மூன்று ஸ்பானியப் பெயர்களின் முதல் எழுத்துகளும் A, B, C என்று எண்களின் வரிசையிலேயே வருவதால் அந்நாட்டுக் குழந்தைகளே எளிதாக ஒப்பித்துவிடுகிறார்கள். நீங்கள் இறங்கும் நாட்டின் எண்ணை மட்டும் கைப்பேசியில் பதிந்துகொண்டால் போதும்.

ஸ்பெயினில் பெண்கள் கணவராலோ துணைவராலோ வன்முறைக்கு ஆளானால் 016 என்ற எண் உண்டு. பல மொழிகளில் பேசும் வசதி அதில் இருக்கிறது. அந்த அழைப்பு தொலைபேசிக் கட்டண ரசீதில் இடம்பெறாது. ஆனால் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் அது தங்கியிருக்கும்; அதை நாமே அழித்துவிட வேண்டும். திருமணமாகி அங்கே குடியேறும் நம் பெண்களிடம் இந்த எண்ணைப் பெற்றோர் வெளிப்படையாகவே சொல்லி அனுப்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

உடல்நலக் குறைவு

வலிக்கு ஒரே வாக்கியம் எல்லாவற்றுக்கும் உதவும். “மெ துவேலெ அக்கீ” என்று சொல்லி வலிக்கும் இடத்தில் கையை வைத்துக் காட்டுங்கள். இங்கே வலிக்கிறது என்று பொருள். உறுப்பின் பெயர்கள் தெரியாத குறையை விரல் தீர்த்துவிடும். தொலைபேசியில் விரலைக் காட்ட முடியாது என்பதால் ஒன்றை மட்டும் பெயருடன் கற்றுக்கொள்ள வேண்டும்: “மெ துவேலெ எல் பேச்சொ”, அதாவது நெஞ்சு வலிக்கிறது. அதனுடன் “நோ புவேதொ ரெஸ்பிரார்” (மூச்சு விட முடியவில்லை) என்பதும் சேர்ந்தால் வேறு விளக்கமே வேண்டியதில்லை. மாரடைப்புக்கு “இன்ஃபார்த்தொ” என்றும், பக்கவாதத்துக்கு ஸ்பெயினில் “ஈக்துஸ்” என்றும், லத்தீன் அமெரிக்காவில் பேச்சு வழக்கில் “தெர்ராமெ” என்றும் சொல்வார்கள். மருத்துவமனை எங்கே என்று கேட்க “தோந்தெ எஸ்தா எல் ஒஸ்பித்தால்?” மருத்துவமனை வாசலில் “உர்ஹேன்ஸியஸ்” (URGENCIAS) என்ற பலகையைத் தேடுங்கள், அவசரப் பிரிவு அதுதான். அர்ஜென்டினாவில் அதையே “க்வார்திய” என்பார்கள்.

நம் குடும்பங்களில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு என்பதால் இரு வாக்கியங்களைப் பெற்றோருக்குக் கட்டாயம் பழக்கி அனுப்ப வேண்டும். ஆண் சொன்னால் “ஸோய் தியவேத்திக்கொ”, பெண் சொன்னால் “ஸோய் தியவேத்திக்க”: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு “தேங்கொ ல ப்ரெஸியோன் ஆல்த்த”. ஸ்பெயினில் ப்ரெஸியோன் என்பதற்குப் பதில் “தென்ஸியோன்” என்பார்கள். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல்லின் ஈறு ஒகரமாகவோ அகரமாகவோ மாறுவதை இங்கே காணலாம். தவறாகச் சொன்னாலும் யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். அதற்காகத் தயங்கி நிற்பதுதான் தவறு.

ஒவ்வாமை உள்ளவர் “ஸோய் அலேர்ஹிக்கொ அ...” என்று தொடங்கி (பெண்ணானால் அலேர்ஹிக்க), எதற்கு என்பதைச் சேர்க்க வேண்டும். பெனிசிலினுக்கு “ல பெனிஸிலீன”. வேர்க்கடலைக்குப் பெயர் நாட்டுக்கு நாடு வேறு: ஸ்பெயினில் “கக்கவேத்தெ” (cacahuete), மெக்சிகோவில் “கக்கவாத்தெ” (cacahuate), தென் அமெரிக்காவில் “மனீ” (maní). வேர்க்கடலை உயிருக்கே ஆபத்தாகும் குழந்தையை அழைத்துச் செல்வோர், போகும் நாட்டின் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி உணவகத்தில் காட்டுவது வாயால் சொல்வதை விடப் பாதுகாப்பானது. கருவுற்றிருப்பவர் எந்த மருந்தையும் ஊசியையும் ஏற்கும் முன் “எஸ்தோய் எம்பரஸாத” என்று சொல்லிவிட வேண்டும். நாய் கடித்தால் “மெ மொர்தியோ உன் பேர்ரொ”. வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் அவசியத்தைச் சென்னை மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மருத்துவர் கேட்கும் கேள்விகளில் மூன்று முக்கியம். “தோந்தெ லெ துவேலெ?” என்றால் எங்கே வலிக்கிறது. “தேஸ்தெ குவாந்தொ?” என்றால் எப்போதிலிருந்து, விரல்களைக் காட்டி “ஓரஸ்” (மணி நேரம்) என்றோ “தீயஸ்” (நாட்கள்) என்றோ சேர்த்தால் விடையாகிவிடும். “தோம அல்கூன் மெதிக்கமேன்த்தொ?” என்றால் மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா. இந்த மூன்றாம் கேள்விக்கு நம்மவர் தடுமாறுவதற்குக் காரணம், நமக்கு மருந்தின் வணிகப் பெயர் மட்டுமே தெரிந்திருப்பது. டோலோ 650 என்று சொன்னால் மாட்ரிட் மருந்தகத்தில் யாருக்கும் விளங்காது. “பரஸெத்தமோல்” என்றால் விளங்கும். கொலம்பியாவில் அதையே “அஸெத்தமினொஃபேன்” என்பார்கள். மெட்ஃபார்மின் அங்கே “மெத்ஃபொர்மீன”, இன்சுலின் “இன்ஸுலீன”. புறப்படும் முன் குடும்ப மருத்துவரிடம், மருந்துகளின் வேதிப் பெயரும் அளவும் குறித்த கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரத்த வகையைச் சொல்லும்போது ஏ என்பதை “ஆ” என்றும், பி என்பதை “பே” என்றும் சொல்ல வேண்டும். ஓ பாசிட்டிவ் ஸ்பெயினில் பெரும்பாலும் “ஸேரொ பொஸித்தீவொ” என்று பூஜ்யமாகவே சொல்லப்படும்.

ஸ்பெயினில் மருந்தகங்களைப் பச்சை நிறச் சிலுவை விளக்கு காட்டித்தரும். இரவில் முறை வைத்துத் திறந்திருக்கும் கடைக்கு ஸ்பெயினில் “ஃபர்மாஸிய தெ க்வார்திய” என்றும், லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் “ஃபர்மாஸிய தெ தூர்னொ” என்றும் பெயர். நம் ஊர் மருந்துக் கடையில் கேட்பது போல அங்கே ஆன்டிபயாட்டிக் கேட்டால், “ரெஸேத்த” எங்கே என்பார்கள். மருத்துவரின் சீட்டு என்று பொருள்.

திருட்டும் காவல் நிலையமும்

பணப்பை போய்விட்டது என்றால் ஸ்பெயினில் “மெ அன் ரொவாதொ”, லத்தீன் அமெரிக்காவில் “மெ ரொவாரொன்”. கடவுச்சீட்டு தொலைந்ததற்கு “எ பெர்தீதொ மி பஸப்போர்த்தெ”. இவ்விரு வாக்கியங்களையும் வேறுபடுத்திச் சொல்லுங்கள்: திருட்டுக்கும் தொலைத்ததற்கும் புகார்ப் படிவத்தில் வேறு வேறு இடம் உண்டு, காப்பீட்டு நிறுவனமும் பின்னால் அதைப் பார்க்கும். பார்சிலோனாவின் நெரிசலான மெட்ரோ ரயிலில் பை காணாமல் போனால் அங்கே புகாரைப் பெறுவது கத்தலோனியாவின் தனிக் காவல் படையான மோஸ்ஸோஸ். மாட்ரிட்டில் லெகனீத்தோஸ் தெருவின் காவல் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே உதவிப் பிரிவு இயங்குகிறது.

நிலையத்தில் சொல்ல வேண்டியது: “கியேரொ பொனேர் ஊன தெனூன்ஸிய”, அதாவது புகார் அளிக்க விரும்புகிறேன். தெனூன்ஸிய என்பது நம் ஊரில் காவல் நிலையத்தில் பெறும் புகார் ரசீதின் வேலையைச் செய்வது; அதன் நகல் இல்லாமல் காப்பீடும் கிடைக்காது, கடவுச்சீட்டு வேலையும் நகராது. எனவே வெளியே வரும் முன் “ஊன கோப்பிய, பொர் ஃபவோர்” என்று ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். புரியாத தாளில் கையெழுத்திடச் சொன்னால் “நோ என்த்தியேந்தொ” (புரியவில்லை) என்றும், “நெஸெஸீத்தொ உன் இன்த்தேர்ப்ரெத்தெ” (மொழிபெயர்ப்பாளர் வேண்டும்) என்றும் அமைதியாகச் சொல்லலாம். கைது செய்யப்பட்டவருக்கு ஸ்பெயினில் மொழிபெயர்ப்பாளரின் உதவி பெறுவது சட்டம் தந்த உரிமை. “கியேரொ அவ்லார் கொன் ல எம்பஹாத தெ ல ஈந்திய” என்றால் இந்தியத் தூதரகத்துடன் பேச விரும்புகிறேன்.

கடவுச்சீட்டு இல்லாமல் உடனடியாக ஊர் திரும்ப வேண்டியவருக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் ஒன்றை வழங்கும். இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே அது செல்லும். வங்கி அட்டையை முடக்குவதற்கு ஸ்பானிய மொழியே தேவையில்லை. உங்கள் வங்கியின் இந்திய எண்ணை 91 என்ற நாட்டுக் குறியீட்டுடன் தாளில் எழுதி வைத்திருந்தால், பேசிப் பழகிய மொழியிலேயே முடித்துவிடலாம்.

பெண்கள் தனியாகச் செல்லும்போது ஒருவர் தொடர்ந்தால் அருகிலுள்ள கடைக்குள் நுழைந்து “மெ எஸ்தா ஸிகியேந்தொ” (என்னைப் பின்தொடர்கிறான்) என்று சொல்லுங்கள். கையைப் பிடித்தால் “ஸுவேல்த்தெமெ!” (விடு) என்று உரக்கக் கத்த வேண்டும். “நோ லொ கொனோஸ்க்கொ” என்பது இதைவிட முக்கியமானது: இவரை எனக்குத் தெரியாது. சுற்றி நிற்பவர்கள் இதைக் குடும்பச் சண்டை என்று எண்ணி விலகிப் போய்விடாமல் தடுப்பது இந்த வாக்கியம்தான். குழந்தை காணாமல் போனால், மகனானால் “மி ஈஹொ ஸெ அ பெர்தீதொ”, மகளானால் “மி ஈஹ ஸெ அ பெர்தீதொ” என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியில் அன்று காலை எடுத்த படத்தைக் காட்டுங்கள். கூட்டமான இடங்களுக்குப் புறப்படும் முன் குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

நிலமும் நீரும் சீறும்போது

2004 டிசம்பர் 26-ஐயும் 2015 வெள்ளத்தையும் கண்ட நகரத்தவருக்கு இப்பகுதியின் தேவையை வலியுறுத்த வேண்டியதில்லை. மெக்சிகோ நகரம் 1985-லும் 2017-லும் ஒரே தேதியில், செப்டம்பர் 19 அன்று, பெரும் நிலநடுக்கத்தைச் சந்தித்தது. அங்கே எச்சரிக்கை ஒலிபெருக்கியில் “அலேர்த்த ஸீஸ்மிக்க” என்று ஒலித்தால் நடுக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்; அக்கம்பக்கத்தவர் செய்வதைப் பார்த்து உடனே செயல்பட வேண்டும். “ஸீஸ்மொ”, “தெம்ப்லோர்”, “தெர்ரெமோத்தொ” மூன்றும் நிலநடுக்கத்தையே குறிப்பவை. சிலியின் கடற்கரை ஊர்களில் “வீய தெ எவக்குவஸியோன்” (VÍA DE EVACUACIÓN) என்ற பலகைகள் சுனாமியின்போது மேட்டுப் பகுதிக்குச் செல்லும் வழியைக் காட்டுகின்றன. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தில், மக்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணியைத் தாண்டியிருந்தது. பல இடங்களில் தண்ணீர் ஏற்கெனவே புகுந்துவிட்டிருந்தது. “இனுந்தஸியோன்” (inundación, வெள்ளம்) என்ற சொல் திரையில் தோன்றினால், மீதியை மொழிபெயர்த்துப் பார்ப்பதற்கு முன்பே கீழ்த்தளத்தையும் வாகன நிறுத்தத்தையும் விட்டு மாடிக்கு ஏறிவிடுங்கள்.

கட்டடத்துக்குள் தீப்பிடித்தால் “ஸலீத” (SALIDA) என்பது வெளியேறும் வழி, “பெலீக்ரொ” (PELIGRO) என்பது அபாயம். கதவில் “எம்ப்பூஹெ” (EMPUJE) என்று இருந்தால் தள்ள வேண்டும். “தீரெ” (TIRE) என்றோ, மெக்சிகோவில் “ஹாலெ” (JALE) என்றோ இருந்தால் இழுக்க வேண்டும்.

பழகும் முறையும் ஒரு தாளும்

இவ்வளவையும் ஒருவர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கூவி அழைக்கும் சொல் ஒன்று, ஆம்புலன்ஸ் வாக்கியம், இடம் சொல்லும் வாக்கியம், வலி வாக்கியம், உங்கள் நோய்க்குரிய வாக்கியம், “நோ குவேல்கெ” என்ற எச்சரிக்கை ஆகிய ஆறும் வாயிலும் காதிலும் ஏறினால் போதும். மற்றவை தாளில் இருக்கட்டும். மனத்துக்குள் படிப்பது பழக்கமாகாது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்ரயிலில் உதட்டசைவாகவாவது சொல்லிப் பாருங்கள்; வீட்டில் ஒருவரை அவசர அழைப்பை ஏற்கும் பணியாளராக நடிக்கச் சொல்லி, அவர் கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்க, நீங்கள் எழுதியதைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். கேள்வியை அவர் வேகமாகச் சொல்லட்டும். உண்மையில் அப்படித்தான் வரும்.

தாள் ஒன்றை இரு பிரதிகளாக எழுதி, நான்காக மடித்துக் கடவுச்சீட்டு உறைக்குள் ஒன்றும் சட்டைப் பையில் ஒன்றுமாக வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஸ்பானிய எழுத்தில் உங்கள் பெயர், வயது, தங்கியுள்ள முகவரி. அதன் கீழே நோய்கள், ஒவ்வாமை, மருந்துகளின் வேதிப் பெயர், இரத்த வகை. அதன் கீழே அங்குள்ள உறவினர் அல்லது அலுவலக நண்பரின் எண், சென்னை வீட்டின் எண், காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண், பாலிசி எண். ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் அந்த விசாவில் செல்வோர் எல்லோரிடமும் அந்தப் பாலிசி இருக்கும். ஆனால் மருத்துவமனை வரவேற்பில் “தேங்கொ ஸெகூரொ” (காப்பீடு இருக்கிறது) என்று சொல்லி அதை எடுத்து நீட்டத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் ஸ்பானிய, தமிழ் மொழிக் கோப்புகளை இணையம் இல்லாமலும் இயங்கும்படி சென்னையிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். பூட்டிய திரையிலேயே தெரியும் அவசரத் தகவல் பகுதியிலும் நோய், மருந்து, உறவினர் எண் ஆகியவற்றை ஸ்பானிய மொழியில் நிரப்பி வையுங்கள். சென்னையில் இருப்பவர்களிடம் நேர வேறுபாட்டையும் சொல்லிவையுங்கள்: ஸ்பெயின் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் நமக்குப் பின்னால், மெக்சிகோ நகரம் பதினொன்றரை மணி நேரம் பின்னால் என்பதால், ஸ்பெயினிலிருந்து நள்ளிரவில் வரும் அழைப்பு இங்கே விடியலுக்கு முன்பும், மெக்சிகோவிலிருந்து நள்ளிரவில் வருவது முற்பகலிலும் ஒலிக்கும், அந்த நேரத்தில் அழைப்பை எடுக்கக்கூடியவர் யாரோ அவருடைய எண்ணே தாளில் இருக்க வேண்டும்.